குழந்தையின் பிறந்தநாளை வீட்டிலேயே கொண்டாடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வயது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் பிறந்தநாளை, மண்டபமோ உணவகமோ தேடாமல், வீட்டுக் கூடத்திலேயே நடத்த நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எங்கள் இரண்டு பிள்ளைகளுக்குமாக ஒன்பது பிறந்தநாள்களைச் சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் நடத்தியிருக்கிறோம். உறவினர்களும் அக்கம்பக்கத்தினரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவையே இந்தக் கேள்விகள்.

எந்த நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது?

குழந்தை தூங்கி எழுந்து, பால் குடித்து, உடை மாற்றிய பிறகு வரும் முதல் இரண்டு மணி நேரமே விழாவுக்கு உரிய நேரம். பெரும்பாலான வீடுகளில் அது காலை பத்தரை முதல் பன்னிரண்டரை வரை, அல்லது மாலை நான்கரை முதல் ஆறரை வரை அமையும். அலுவலகம் செல்பவர்களின் வசதிக்காக ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அதில் இழப்பது குழந்தைதான். மூத்தவளின் முதல் பிறந்தநாளுக்கு நாங்களும் மாலை ஏழு மணி என்றே அழைத்தோம். எல்லோரும் வந்து சேர எட்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் அவள் பட்டுப்பாவாடையோடு என் மாமியாரின் தோளில் உறங்கிவிட்டாள். எழுப்பிக் கையில் கத்தியைப் பிடிக்க வைத்தபோது, கழுத்தெல்லாம் வியர்த்து, பாட்டியின் முந்தானையை விடாமல் இறுகப் பற்றிக்கொண்டு அவள் அழுதாள். அந்த வீடியோவை நாங்கள் மறுபடி பார்க்க விரும்பியதில்லை. அடுத்த ஆண்டு முதல் ஞாயிற்றுக்கிழமை காலை என்று மாற்றிக்கொண்டோம். வரவேண்டியவர்கள் அனைவரும் வரத்தான் செய்தார்கள்.

அழைப்பிலேயே தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் குறிப்பிடுங்கள். "காலை 10.30 முதல் 12.30 வரை" என்று எழுதினால் யாரும் தவறாக எண்ணுவதில்லை, சிறு குழந்தைகளோடு வருபவர்கள் அதை நன்றியோடுதான் பார்க்கிறார்கள்.

நட்சத்திரப்படி செய்வதா, ஆங்கிலத் தேதியில் செய்வதா?

தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வரும் நாளும் ஆங்கிலத் தேதியும் சில நாள்கள் முன்னும் பின்னுமாக அமைவது இயல்பு. முதல் ஆண்டு நிறைவை நட்சத்திரத்தன்று ஆயுஷ்ய ஹோமம் செய்தோ, கோயிலில் அர்ச்சனை செய்தோ நிறைவேற்றிவிட்டு, கேக் வெட்டுவதை அடுத்து வரும் விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே நாளில் அடுக்கும்போது காலையில் ஹோமப் புகையிலும் மாலையில் கூட்டத்திலும் குழந்தை களைத்துப்போகிறது. மொட்டையும் காதுகுத்தும் கட்டாயம் வேறொரு நாளில்தான் இருக்க வேண்டும். தாய்மாமன் மடியில் அமர்ந்து மொட்டை அடித்து, காது குத்திய வலியும் சேர்ந்த பிள்ளையை அன்று மாலையே விருந்தினர் நடுவில் நிறுத்துவது அதன் உடம்புக்குத் தாங்காது.

எத்தனை பேரை அழைக்கலாம்?

வீட்டுக் கூடத்தில் எத்தனை பேர் தரையில் சம்மணமிட்டு உட்கார முடியுமோ அத்தனை பேர். எங்கள் கூடத்துக்கு அது இருபத்தைந்து. ஒரு வயதுக் குழந்தைக்குப் புதிய முகங்களைக் கண்டால் அச்சம் ஏற்படும் பருவம் அது. ஆறேழு மாதத்தில் தொடங்கும் அந்த அச்சம் ஒன்றரை வயதைக் கடந்தும் நீடிக்கக்கூடும். ஆகவே முதல் பிறந்தநாளில் குழந்தை அடிக்கடி பார்த்துப் பழகிய தாத்தா பாட்டி, அத்தை, மாமா, சித்தி, பக்கத்து வீட்டார் ஆகியோரே போதும். மூன்று வயதுக்குப் பிறகு குழந்தையே தன் நண்பர்களின் பெயர்களைச் சொல்லும். அந்தப் பெயர்களை முதலில் எழுதிக்கொண்டு, பிறகு உங்கள் பட்டியலைத் தொடங்குங்கள்.

எவ்வளவு நாள் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்?

இரண்டு வாரம் போதுமானது. முதல் வாரத்தில் அழைப்பும் கேக் முன்பதிவும் முடிந்துவிட வேண்டும். முந்தின நாள் மாலையில் அலங்காரத்தை முடித்துவிட்டால், பிறந்தநாள் காலையில் நிதானமாக எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புத்தாடை அணிவித்து, பெரியவர்கள் காலில் விழ வைத்து ஆசி வாங்க நேரம் கிடைக்கும்.

புத்தாடையை ஒரு வாரம் முன்பே ஒருமுறை துவைத்துப் போட்டுப் பாருங்கள். சரிகை உறுத்துகிறதா, கழுத்துப்பட்டி இறுக்குகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். விழாவின் நடுவே மாற்றிவிட ஒரு பழைய பருத்திச் சட்டையையும் எடுத்து வையுங்கள்.

அலங்காரத்துக்கு எதை வாங்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, உறிஞ்சுகுழல் போன்றவை தடை செய்யப்பட்டுள்ளன. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தடையில் பலூன் செருகும் பிளாஸ்டிக் குச்சியும், அலங்காரத்துக்கான தெர்மாகோலும் அடங்கும். கடைகளில் இவை இன்றும் கிடைக்கலாம். கிடைக்கின்றன என்பதற்காக வாங்க வேண்டியதில்லை. வாசலில் ஒரு கோலம், நிலைப்படியில் மாவிலைத் தோரணம், சுவரில் ஒரு பழைய பட்டுச்சேலையை விரித்துக் கட்டி அதன்மேல் சாமந்திச் சரங்கள்: எங்கள் வீட்டில் எடுத்த படங்களிலேயே மிக அழகானவை அந்தச் சேலையின் முன் எடுத்தவைதான். வண்ணக் காகிதத்தைச் சங்கிலியாக ஒட்டித் தொங்கவிடும் வேலையை நான்கு வயதுப் பிள்ளையே செய்யும். தான் ஒட்டிய சங்கிலியை வருகிறவர்களிடம் எல்லாம் அது காட்டும்.

பலூனில் மிகுந்த கவனம் வேண்டும். உடைந்த ரப்பர் பலூனின் துண்டு குழந்தையின் தொண்டைக்குள் போனால் மூச்சுக்குழாயின் மேல் படிந்து காற்றை முற்றிலும் அடைத்துவிடும்; அதை வெளியே எடுப்பதும் கடினம். எனவே பலூன்களைப் பெரியவரின் தலைக்கு மேலே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். ஊதாத பலூன்களை விளையாடக் கொடுக்காதீர்கள். உடைந்தவுடன் துண்டுகளைப் பொறுக்கிவிட ஒருவரை நியமித்துவிடுங்கள்.

மேலே பறக்கும் பலூன் வேண்டுமென்றால், அதில் நிரப்பியிருப்பது ஹீலியமா ஹைட்ரஜனா என்று கேட்காமல் வாங்க வேண்டாம். ஹீலியம் தீப்பிடிக்காது, ஆனால் விலை அதிகம். மலிவாகக் கிடைக்கும் பறக்கும் பலூன்களில் ஹைட்ரஜன் இருக்க வாய்ப்பு உண்டு. மெழுகுவத்திச் சுடர் பட்டால் அது ஒரு நொடியில் தீப்பந்தாகிவிடும். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் பறக்காத பலூனே போதும்.

ஸ்னோ ஸ்பிரே, பனிப்புகை, பஞ்சுமிட்டாய் போன்றவற்றைக் குழந்தைகள் விரும்புகிறார்களே?

விரும்புகிறார்கள் என்பது உண்மை. ஆயினும் இவை மூன்றையும் என் வீட்டு விழாக்களில் நான் அனுமதிப்பதில்லை. ஸ்னோ ஸ்பிரே டப்பாக்கள் பலவற்றில் நுரையை வெளியே தள்ளுவது எளிதில் தீப்பற்றும் வாயுதான். எரியும் மெழுகுவத்திக்கு முன்னால் நிற்கும் பிள்ளையின் தலைமீது அதைப் பீய்ச்சுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. திரவ நைட்ரஜன் ஊற்றிப் புகை கக்க வைக்கும் பிஸ்கெட்டும் அப்படித்தான். அதன் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ். முழுதாக ஆவியாகாமல் வாய்க்குள் சென்றால் நாக்கையும் உணவுக்குழாயையும் இரைப்பையையும் புண்ணாக்கிவிடும். 2024இல் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், துணிச்சாயமான ரோடமின்-பி கலந்திருப்பது ஆய்வில் தெரியவந்ததால் பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பில் எந்தத் தின்பண்டம் வந்தாலும் எனக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வருகிறது.

ஆரத்தி எடுப்பதில் கவனிக்க ஏதேனும் உண்டா?

உண்டு. மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்தவுடன் அது குங்குமச் சிவப்பாக மாறுவதைப் பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்ப்பார்கள். அதை அவர்கள் எதிரிலேயே கரைத்துக் காட்டலாம். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கருவிழியே வெந்துபோகும். வெற்றிலைக் கடையில் வாங்கும் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை கையில் வைத்து அழுத்தினால் நேராக முகத்தில்தான் தெறிக்கும். கரைத்து முடித்த கையோடு மிச்சத்தை மேல் அலமாரியில் வைத்துவிட வேண்டும். தவறிக் கண்ணில் பட்டுவிட்டால், தேய்க்காமல், ஓடும் தூய நீரில் தொடர்ந்து கழுவிக்கொண்டே இருந்துவிட்டு உடனே கண் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

வீட்டில் வேறு எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

முந்தின நாள் இரவு, நீங்களே தரையில் தவழ்ந்து வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத பிளக் பாயின்ட், மேசை முனை, சோபாவுக்கு அடியில் கிடக்கும் நாணயம் எல்லாம் அப்போது தெரியும். குளியலறை வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். தலைகுப்புற விழுந்த சிறு குழந்தை மூழ்குவதற்குச் சில அங்குலத் தண்ணீரே போதும். தனி வீடாக இருந்தால் சம்ப் மூடி, கிணற்று வலை, மொட்டைமாடிக் கதவு மூன்றையும் பூட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் பால்கனிச் சுவருக்கு அருகே நாற்காலியோ பூந்தொட்டியோ இருக்கக் கூடாது. விருந்தினரின் கைப்பைகளை, முக்கியமாகச் சர்க்கரை நோய், இரத்த அழுத்த மாத்திரைகளை எடுத்துவரும் பெரியவர்களின் பைகளை, ஒரு அறையில் வைத்து மூடிவிடலாம்.

இன்னொன்று பலர் கவனத்துக்கு வராதது. மின்னும் சிறு விளக்கு, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, ஒளிரும் பொம்மை ஆகியவற்றில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். அதை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயில் இரண்டு மணி நேரத்துக்குள் கடும் புண் ஏற்பட்டுவிடலாம். மூடி திருகாணியால் இறுக்கப்படாத எந்தப் பொருளையும் அன்று வெளியே வைக்காதீர்கள். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேக் எவ்வளவு வாங்குவது? எப்படிப் பத்திரப்படுத்துவது?

80 கிராம் துண்டுகளாக வெட்டினால் ஒரு கிலோ கேக்கில் பன்னிரண்டு துண்டுகள் கிடைக்கும். குழந்தைகள் பாதித் துண்டைத்தான் தின்பார்கள். எனவே, பாதிப் பேர் குழந்தைகள் என்றால், இருபத்தைந்து பேருக்கு ஒன்றரை கிலோ போதும். கிரீம் கேக்கை வெயில் நாளில் வெட்டும் நேரம் வரை குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்திருங்கள்; பெட்டியில் இடம் போதாது என்பதை அன்றைக்குக் கண்டுபிடிக்காமல், முதல் நாளே அட்டைப்பெட்டியின் அளவைக் கேட்டு ஒரு தட்டை ஒழித்து வையுங்கள். முட்டை சேர்த்ததா, சேர்க்காததா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு விருந்தினருக்கும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு வயதுக் குழந்தைக்குக் கேக்கில் விரல் நுனியளவு ருசி காட்டினால் போதும். இரண்டு வயது முடியும் வரை சர்க்கரை சேர்த்த தின்பண்டங்களைத் தவிர்க்கும்படியே குழந்தை மருத்துவர்கள் கூறுகிறார்கள். இளையவனின் முதல் பிறந்தநாளில் நன்கு பழுத்த வாழைப்பழத்தையும் கோதுமை மாவையும் முட்டையையும் பிசைந்து, இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்த ஒரு சிறு கேக்கை அவன் முன் வைத்தோம். இரண்டு கைகளையும் அதற்குள் விட்டு அவன் எடுத்துத் தின்ற காட்சிதான் எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டமிட்டு மாட்டியிருக்கிறது.

சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம்?

காலை விழாவாக இருந்தால் ரவா கேசரி, மினி இட்லி, சாம்பார், உளுந்து வடை, தயிர் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல் என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தனித்தனியே சமைக்க வேண்டியதில்லை. காரம் சேர்க்கும் முன் குழந்தைகளின் பங்கைத் தனியே எடுத்துவிடுங்கள். பிரியாணி செய்வதானால் ஒரு கிலோ அரிசி எட்டுப் பெரியவர்களுக்குப் போதும். இரண்டு குழந்தைகளை ஒரு பெரியவராகக் கணக்கிடலாம். சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். தேங்காய்ச் சட்னியைக் கடைசியில் அரைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வயதுக்குட்பட்டோர் தட்டில் முழு வேர்க்கடலை, முந்திரி, பாப்கார்ன், முழுக் கொண்டைக்கடலை, கடின மிட்டாய், சிறு குப்பிகளில் வரும் ஜெல்லி ஆகியவற்றை வைக்க வேண்டாம். பாயசத்தில் முந்திரியைப் பொடித்துச் சேர்க்கலாம். சுண்டல் வேண்டுமென்றால் பாசிப்பயற்றைக் குழைய வேகவையுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும். குறுக்காக வெட்டிய வட்டத் துண்டு தொண்டையை அப்படியே அடைத்துக்கொள்ளும். ஒரு வயது நிறையாத விருந்தினர் குழந்தைக்குத் தேன் தொட்டு வைப்பதைப் பெரியவர்கள் ஆசையாகச் செய்வதுண்டு. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் அந்த வயதுக் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் என்பதால் அதைப் பணிவோடு தடுத்துவிடுங்கள்.

ஒவ்வாமை உள்ள குழந்தைகள் வந்தால்?

அழைக்கும்போதே "குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாத உணவு ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி இவைதான் பெரும்பாலும் வரும் பதில்கள். அந்தக் குழந்தைக்கென்று தனிக் கரண்டியோடு தனிப் பாத்திரம் வைத்து, அதன் பெற்றோரிடம் காட்டிவிட்டுப் பரிமாறுங்கள்.

உணவு தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது?

குழந்தை சத்தமாக இருமிக்கொண்டிருந்தால் இருமவே விடுங்கள். வாய்க்குள் குருட்டாம்போக்கில் விரலை விட்டால் சிக்கியது இன்னும் உள்ளே போகும். சத்தமே வராமல், மூச்சு விட முடியாமல் முகம் நீலம் பாய்ந்தால் உடனே ஒருவர் 108ஐ அழைக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் இரண்டு விரல்களால் ஐந்து முறை அழுத்த வேண்டும். ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு முதுகில் ஐந்து தட்டுகளுக்குப் பிறகு, பின்னால் மண்டியிட்டு அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும் வரை மாறி மாறிச் செய்யுங்கள். படித்து மட்டும் வைக்காமல், உங்கள் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

என்ன விளையாட்டுகள் வைக்கலாம்?

மூன்று வயதுக்குக் கீழே விளையாட்டு என்று தனியாக எதுவும் தேவையில்லை. ஒரு பாயில் சொப்புச் சாமான்களும் காலி அட்டைப்பெட்டிகளும் இருந்தால் அரைமணி நேரம் ஓடிவிடும். மூன்று முதல் ஐந்து வயதுக்கு, தோற்றவர் வெளியேறும் மியூசிக்கல் சேர் போன்றவற்றைவிட எல்லோரும் கடைசி வரை சேர்ந்திருக்கும் விளையாட்டுகளே பொருந்தும். ஒரு குடம் தண்ணி ஊத்தி விளையாட்டில் இரண்டு பிள்ளைகள் கைகோத்து வளைவாக நிற்க, மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதற்கடியில் நுழைந்து போவார்கள். மாட்டிக்கொள்வதே அதில் மகிழ்ச்சி. பாட்டியையோ தாத்தாவையோ உட்கார வைத்து ஒரு கதை சொல்ல வைத்தால் ஓடிக்களைத்த பிள்ளைகள் தாமாகவே அடங்குவார்கள்.

கேக் வெட்டும் நேரத்தில் குழந்தை அழுதால்?

தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுங்கள். கைதட்டலும் பாட்டும் ஒரே நேரத்தில் எழும்போது சிறு குழந்தை மிரளுவது இயற்கை. பத்து நிமிடம் மடியில் இருந்துவிட்டு வரட்டும். வர மறுத்தால் அக்காவோ அண்ணனோ வெட்டட்டும். கூடியிருப்பவர்கள் "என்ன, அழுமூஞ்சியா?" என்று கேட்டால் "சத்தம் பிடிக்கவில்லை, சற்றுப் பொறுங்கள்" என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். மூத்த பிள்ளைக்கும் அன்று ஒரு பொறுப்பு வேண்டும். வாசலில் நின்று சந்தனமும் கற்கண்டும் கொடுப்பது ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெருமையான வேலை. பரிசுகள் எல்லாம் தங்கைக்கே போகும் வருத்தத்தை அது பெரிதும் குறைக்கும்.

பரிசுகளும் ரிட்டர்ன் கிஃப்ட்டும் எப்படி இருக்க வேண்டும்?

பரிசுகளை விருந்தினர் போன பிறகு, அடுத்தடுத்த நாள்களில் ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். பொம்மைகளில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்; 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு அது கட்டாயம். கொலுசு, அரைஞாண் போன்ற வெள்ளிப் பரிசுகளில் மணிகள் கழன்று வராதபடி தட்டாரிடம் பற்றவைத்துக்கொள்வது நல்லது. திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு படக்கதைப் புத்தகமும் துளசி அல்லது கற்பூரவல்லி நாற்றும் நான் கண்டவற்றில் மிகச் சிறந்தவை. நேஷனல் புக் டிரஸ்ட், துலிகா போன்றோர் குறைந்த விலையில் நல்ல தமிழ்ப் படப்புத்தகங்களை வெளியிடுகிறார்கள். அவற்றை மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தால் பையும் பயன்படும்.

படங்களை இணையத்தில் போடலாமா?

உங்கள் குழந்தையின் படத்தைப் போடுவது உங்கள் முடிவு. பிறர் குழந்தைகள் அதில் இருந்தால் அவர்களுடைய பெற்றோரிடம் கேட்ட பிறகே போட வேண்டும். முகவரி, பள்ளிச் சீருடை, முழுப் பிறந்த தேதி ஆகியவை தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

விழா முடிந்தபின் என்ன செய்ய வேண்டும்?

மிஞ்சிய உணவில் பரிமாறும் மேசைக்கு வராததை மட்டும் பிறருக்குக் கொடுங்கள். அதையும் அன்றே, சூடாக இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். வாழை இலைகளையும் பூச்சரங்களையும் மக்கும் குப்பையில் தனியே சேர்க்கலாம். மறுநாள் காலை குழந்தை எழும்முன் சோபாவை நகர்த்தி, கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுப் பெருக்கிவிடுங்கள். எவ்வளவுதான் பொறுக்கியிருந்தாலும் சுருங்கிய பலூன் துண்டு ஒன்றிரண்டு அங்கே கிடக்கும். தவழும் பிள்ளையின் கண்ணில்தான் அது முதலில் படும்.